மூலக்கூறு எண்: சமன்பாடு சொல்லாதது

தமிழ் எம்.ஏ.வுக்கு வருவதற்கு முன் பிளஸ் டூவில் வேதியியல் படித்தவன் நான். 'வினைவகைக்கும் மூலக்கூறு எண்ணுக்கும் உள்ள வேறுபாடு யாது?' என்ற கேள்விக்கு அட்டவணை போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். புரிந்து எழுதியதல்ல. பிரதிக்கும் நிகழ்வுக்குமான உறவு பற்றி மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த அட்டவணை திரும்ப ஞாபகத்துக்கு வந்தது.

பெர்மாங்கனேட்டை வைத்து இரும்பை அளந்திருப்போம். சமன்பாட்டின் இடப்பக்கம் பெர்மாங்கனேட் அயனி 1, இரும்பு அயனி 5, ஹைட்ரஜன் அயனி 8. ஆக 14. இந்தப் பதினாலு பேரும் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டார்களா என்ன? மூன்று துகள்கள் ஒருசேர மோதுவதே அபூர்வம். நடந்தவை பல சிறு படிகள். சமன்பாடு அவற்றின் வரவுசெலவுக் கணக்கு, அவ்வளவுதான். தனியொரு படியில் எத்தனை துகள்கள் நேரடியாகப் பங்கேற்கின்றன என்பதே மூலக்கூறு எண். ஒன்று, இரண்டு, அபூர்வமாய் மூன்று. அரை மூலக்கூறு போய் மோத முடியாது. வினைவகையோ, செறிவை மாற்றினால் வேகம் எப்படி மாறுகிறது என்று சோதனையில் அளந்து பெறுவது. அது பூஜ்யமாகலாம், பின்னமும் ஆகலாம்.

அளந்ததிலிருந்து நடந்ததை ஊகிக்கலாமா? சிக்கல் இங்கேதான். ஹைட்ரஜனும் அயோடினும் ஹைட்ரஜன் அயோடைடு ஆவதை 1890களில் மாக்ஸ் போடன்ஸ்டைன் ஆராய்ந்தார். வேகம் இரண்டின் செறிவுக்கும் நேர்விகிதத்தில் இருந்தது, வினைவகை 2. ஆகவே இரண்டு மூலக்கூறுகள் நேருக்குநேர் மோதுகின்றன, மூலக்கூறு எண்ணும் 2 என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. (வேலைநிறுத்தத்தைக் 'கூலிக்குறைவு + கோபம்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடும் நம் கட்டுரைகள் யாருக்காவது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

1967இல் சல்லிவன், ஒளியைப் பாய்ச்சி அயோடினை அணுக்களாக உடைத்துப் பார்த்தார். வேகம் அந்த அணுக்களின் செறிவின் வர்க்கத்தை ஒட்டிப் போயிற்று. அப்படியானால் அயோடின் முதலில் இரண்டாகப் பிரிகிறது. பிறகு அணுக்களே ஹைட்ரஜனோடு சேர்கின்றன. சமநிலையில் அணுச்செறிவின் வர்க்கம் அயோடின் மூலக்கூறின் செறிவுக்கு நேர்விகிதம். அதனால் இரண்டு கதைக்கும் ஒரே வேகச் சமன்பாடுதான் வரும்! போடன்ஸ்டைனின் அளவு தப்பவில்லை. அதிலிருந்து செய்த ஊகம்தான் ஆட்டம் கண்டது. சல்லிவனின் தரவுகளும் நேரடி மோதலை அறவே விலக்கிவிடவில்லை என்று 1970களில் வேறு சிலர் வாதாடினார்கள்.