அசதுல்லாஹில் ஃகாலிப்: ஒரு போர்ப் பதக்கத்தின் அரபு வாசகம்

ஓசூரும் கிருஷ்ணகிரியும் இன்று ஒரே மாவட்டத்தின் இரு பெரு நகரங்கள். தொழிற்சாலைப் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் இரவும் பகலும் இவற்றினிடையே ஓடுகின்றன. கருநாடக எல்லை ஓசூருக்கும் அப்பால் இருக்கின்றது. ஆனால், 1792 முதல் 1799 வரை ஈரரசுகளின் எல்லை இவ்விரு ஊர்களுக்கும் நடுவே கிடந்தது. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறிற்று. கிருஷ்ணகிரியும் இராயக்கோட்டையும் கம்பெனிப் பக்கம். ஓசூரும் கெலமங்கலமும் திப்பு சுல்தானின் பக்கம். இராயக்கோட்டையினின்று கெலமங்கலம் நோக்கி நடப்பதே அந்நாளில் எல்லை கடப்பதாகும்.

1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்ட ஜெனரல் ஹாரிஸின் படை, மார்ச் 5இல் மைசூர் நிலத்துள் நுழைந்தது. கெலமங்கலம், ஆனேக்கல், மளவள்ளி வழியே சென்று ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டது. மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது, சுல்தான் ஷஹீதானார். அவரை எதிர்த்துச் சென்றோர் வெள்ளையர் மட்டுமல்லர். சென்னைப் படையின் சிப்பாய்கள் பல்லாயிரவர். அவருள் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் இருந்தனர். ஐதராபாத் நிஜாமின் படையும் உடன் சென்றது.

அவ்வெற்றியின் நினைவாகக் கம்பெனி ஒரு பதக்கம் வார்க்கச் செய்தது. கான்ராட் ஹைன்ரிக் கூக்லர் என்பவர் அதனை வடிவமைத்தார். பர்மிங்ஹாமில் மாத்யூ போல்டனின் சோஹோ நாணயசாலை அதனை அச்சிட்டது. ஒரு பக்கத்தில் சிங்கமொன்று புலியை வீழ்த்தி நிற்கின்றது. சிங்கம் பிரிட்டன், புலி மைசூர். மறுபக்கத்தில் கோட்டை தாக்கப்படும் காட்சியும், அதன் கீழ் பாரசீக எழுத்தில் ஹிஜ்ரீ 1213 துல்கஅதா 28 என்னும் நாளும் உள்ளன. கூர்ந்து நோக்கத்தக்கது, சிங்கத்தின் மேலே பறக்கும் கொடியில் பொறிக்கப்பட்டுள்ள அரபு வாசகமே: ‘அசதுல்லாஹில் ஃகாலிப்’.

இவ்வாசகம் கம்பெனியின் சொந்தச் சொல்லன்று. ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களுக்கு முஸ்லிம் உலகம் வழங்கிய சிறப்புப் பெயர் இது. திப்பு சுல்தான் இதனையே புலிமுக வடிவில் அமைந்த எழுத்தோவியமாகத் தம் ஆயுதங்களிலும் சின்னங்களிலும் பொறித்துக்கொண்டார். அவருடைய தந்தையின் பெயரான ஹைதர் என்பதற்கும் சிங்கம் என்றே பொருள். வென்றவர்கள் கோட்டையோடு சுல்தானின் வாசகத்தையும் எடுத்துத் தம் சிங்கத்தின் கொடியில் ஏற்றினர். அரபு எழுத்தைப் படிக்கத்தெரிந்த சிப்பாய்க்கு அதன் பொருள் புரியாமலிராது.

அரபு இலக்கணம் பயின்றோர் இங்கு ஒரு நுட்பத்தைக் காணலாம். ‘அல்ஃகாலிப்’ என்னும் அடைமொழி ‘அசத்’ என்னும் சொல்லைச் சாருமாயின், ‘அல்லாஹ்வின் வெற்றிகொள்ளும் சிங்கம்’ என்பது பொருள். அப்போது அதன் இறுதி ‘ளம்மா’ பெறும். அல்லாஹ் என்னும் திருப்பெயரைச் சாருமாயின், ‘வெற்றியாளனாகிய அல்லாஹ்வின் சிங்கம்’ என்றாகும். இறுதி ‘கஸ்ரா’ பெறும். ஃகாலிப் என்னும் சொல் சூரத்து யூசுஃபின் 21ஆம் வசனத்தில் அல்லாஹ்வுக்கே ஆளப்பட்டுள்ளமை இங்கு நினைக்கத்தக்கது. பதக்கத்தில் உயிர்க்குறிகள் இல்லை. நிறுத்தி ஓதுங்கால் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். வடித்தவர் சிங்கத்தின் வெற்றியைக் கருதினார். விசுவாசியோ வெற்றி யாருக்குரியது என்பதை அதே எழுத்தில் படித்துக்கொள்ள முடிந்தது.

இனி, இத்தகைய பதக்கத்தை ஆராய்வது எங்ஙனம்? முதலில் உலோகத்தை நோக்கவேண்டும். உயர்தளபதியர்க்குப் பொன், அடுத்த நிலையினர்க்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, கேப்டன் முதலிய அதிகாரிகட்கு வெள்ளி, அவர்கட்குக் கீழுள்ளோர்க்கு வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். பெற்றவனின் தகுதியை உலோகமே கூறிவிடும். அடுத்து அளவு: சோஹோவில் அச்சிட்டது ஏறத்தாழ 48 மில்லிமீட்டர் விட்டமுடையது, கல்கத்தா நாணயசாலையில் அச்சிட்டது 45 மில்லிமீட்டர். மூன்றாவதாக, அரபு பாரசீக எழுத்துகள் தெளிவாக உள்ளனவா எனப் பார்க்கவேண்டும். பதக்கத்தைப் பார்த்து வார்த்தெடுத்த போலிகளில் முதலில் மழுங்குவன இந்நுண்ணெழுத்துகளே. பழைய உலோகத்தைப் புளியிட்டுத் துலக்குவது பெருந்தவறு. எழுத்தும் தேயும், சான்றும் அழியும்.

இவ்வளவு செய்தும் பெற்றவன் யாரென அறிதல் அரிது. 1914-1918 பெரும்போருக்கு வழங்கிய பதக்கங்களின் விளிம்பில் வீரனின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டன. அவற்றைக்கொண்டு ஒரு சிப்பாயைத் தேடிச்செல்ல இயலும். ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கமோ பெயர் பொறிக்காமலே வழங்கப்பட்டது. எனவே, குடும்ப வழக்கு, பரம்பரைச் சொத்துப் பத்திரம், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் இராணுவத் துறைப் பதிவுகள், இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்கள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டே முடிவுக்கு வரவேண்டும். பதக்கம் ஒரு வீட்டில் இருப்பது மட்டுமே அவ்வீட்டு முன்னோர் போரிட்டதற்குச் சான்றாகாது. அது விலைக்கு வாங்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

காலத்தையும் கருதவேண்டும். போர் நடந்தது 1799இல். பதக்கங்கள் வழங்கப்பட்டதோ 1808ஆம் ஆண்டளவில். இடையில் 1806 ஜூலை 10 வந்துசென்றது. தாடியையும் நெற்றிக்குறியையும் தடுத்த ஆணையாலும் புதிய தலைப்பாகையாலும் கொதித்த சென்னைப் படைச் சிப்பாய்கள், வேலூர்க் கோட்டையில் எழுந்தனர். சுல்தானின் மக்கள் சிறையிருந்த அக்கோட்டையில் சுல்தானின் கொடியே ஏற்றப்பட்டது. அக்கொடி வீழ்ந்த இரண்டாண்டுகளின் பின்னரே, புலி வீழ்ந்து கிடக்கும் வெள்ளீய வட்டம் சிப்பாயின் உள்ளங்கையில் வைக்கப்பட்டது. அவன் பெருமிதம் கொண்டானா, நாணினானா என்பதை எந்த ஆவணமும் நமக்குக் கூறாது.

இதனாலேயே இப்பதக்கத்தைக் கையிலெடுப்போர் தீர்ப்புக் கூற விரையலாகாது என்கிறோம். சிப்பாயைத் துரோகி என்றோ வீரன் என்றோ முத்திரையிடுவது எளிது. மாதச் சம்பளத்துக்காகப் படையிற் சேர்ந்து, இராயக்கோட்டை எல்லையைக் கடந்த அம்மனிதனுக்கு அவனை ஆண்ட கம்பெனி ஒரு பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. நம் பெட்டகங்களிலும் பள்ளிவாசல் நூலகங்களிலும் உறங்கும் பழம்பத்திரங்களை நாம் புரட்டினால், அவருள் சிலருக்கேனும் பெயர் மீளலாம். அமானிதம் என்பது பொருளைக் காப்பதோடு முடிவதில்லை. அதற்குரியவனை அறிந்து சொல்வதும் அதனுள் அடங்கும். உள்ளங்களில் உள்ளதை அல்லாஹ்வே நன்கறிவான்.