எட்டு போர்: காட்டுவாத்து வேட்டையின் கனத்த துப்பாக்கி

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் வாஷ் என்றொரு விரிகுடா இருக்கிறது. ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் வரும் காட்டுவாத்துகள் குளிர்காலம் முழுக்க அங்கே தங்கும். இரவில் சேற்றுத்திட்டுகளில் அடைந்து, விடியும்போது வயல்களை நோக்கிப் பறக்கும். எட்டாத உயரத்தில் பறக்கும் இத்தகைய கூட்டங்களுக்காக 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் துப்பாக்கிக் கொல்லர்கள் 8 போர் (bore) துப்பாக்கிகளைச் செய்தார்கள்.

ஒரு பவுண்டு, அதாவது 453.6 கிராம் ஈயத்தை எட்டுச் சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை கச்சிதமாகப் பொருந்தும் குழல் 8 போர். எண் குறையக் குறையக் குழல் அகலும். பரவலாகப் புழங்கும் 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ.; 8 போருக்கு 21.2 மி.மீ. வேறுபாடு சின்னதுதான்; ஆனால் தோட்டாவிலுள்ள ரவையின் மொத்த எடை இரட்டிப்பாகிவிடுகிறது. 12 போர் ஏறக்குறைய 30 கிராம் வீசினால், 8 போர் 60 கிராம் வீசும்.

பெரிய குழல் ரவையை வேகமாகத் தள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல; இரண்டிலும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரவைகள் போகப்போகச் சிதறும். குறைந்த ரவை என்றால், கண் பெரிதான வலையில் மீன் நழுவுவதுபோல் பறவை இடைவெளியில் தப்பிவிடும், அல்லது காயத்தோடு போய்விடும். ரவை மிகுந்தால், பருமனான ரவைகளையே நெருக்கமாக அனுப்பலாம். இவ்வளவு ரவையை வீசும்போது வரும் உதைப்பைத் தாங்கத்தான் துப்பாக்கிக்கு ஆறு கிலோ அளவுக்கு எடை வைத்தார்கள்.

இந்தப் பழைய துப்பாக்கிகள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. பிரிட்டனில் அழகுப்பொருளாக வைத்துக்கொள்ள உரிமம் வேண்டாம். சுடுவதானால் கட்டாயம் வேண்டும். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது குழல் வெடியைத் தாங்கும் என்று காட்ட அதில் பொறித்த சோதனை முத்திரை. பர்மிங்ஹாம் சோதனைக்கூடம் 1813 முதல் இந்த முத்திரையைக் குத்திவருகிறது. பல பழைய குழல்கள் இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியவை. அந்த ஒட்டுகளுக்குள் துரு ஒளிந்திருக்கும். துருவை நீக்க முந்தைய உரிமையாளர் உள்ளே தேய்த்திருந்தால் சுவர் மெலிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அளந்துதான் அறியவேண்டும். கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட குழலில் புகையில்லா மருந்தை வெடித்தால் குழல் பிளந்து கை போகலாம்.

தோட்டாவிலும் கவனம் தேவை. நீர்ப்பறவைகள் உதிர்ந்த ஈய ரவைகளைக் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அதனால் இங்கிலாந்தில் 1999 முதல் காட்டுவாத்து வேட்டைக்கு ஈயம் கூடாது. எஃகு ரவை பழைய குழலைக் கெடுக்கும். மென்மையான பிஸ்மத் ரவைதான் ஏற்றது.

முத்திரை தெளிவில்லாத துப்பாக்கியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி மறுமுத்திரை பெறுங்கள். அதில் தேறாவிட்டால் எவ்வளவு அழகான துப்பாக்கியானாலும் அதில் தோட்டா போடாதீர்கள்.