இருவருக்கு ஒரு பிரயாணம்

இல்லறத்தின் நடுப்பருவம் – 7

பிள்ளைகளின் படிப்பும் பெண்மக்களின் கலியாணமும் ஒரு குடும்பத்தின் வருமானத்தை எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் பங்கீட்டில் ஒருபோதும் இடம்பெறாத செலவொன்று உண்டு. 50 வயதை நெருங்கிய கணவனும் மனைவியும், கூட யாரையும் அழைத்துக்கொள்ளாமல், இரண்டு நாள் எங்கேனும் போய்த் தங்கி வருவதற்கு ஆகும் செலவு அது. கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ ஒரு தாய் இந்த விருப்பத்தை வாய்விட்டுச் சொன்னால், "பேரப்பிள்ளை காணுற வயசில இதென்னம்மா புதினம்?" என்று முதலில் கேட்பவர்கள் அயலார் அல்லர், பெற்ற பிள்ளைகளே.

அவ்வாறு கேட்பவர்கள், நமது கரையோர ஊர்களில் தாம்பத்தியம் எத்தகைய கூரையின் கீழ் நடந்து வருகிறது என்பதைச் சற்று ஆலோசிக்க வேண்டும். மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரையில், விவாகத்தின் பின் மாப்பிள்ளையே பெண்ணின் வீட்டுக்குப் போகிறார்; வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குச் சேருகின்றன. 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆராய்ச்சி நடத்திய அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் பொதுவான இந்தத் தாய்வழி மரபை, 2008இல் வெளிவந்த தமது பெருநூலில் விரிவாக விளக்கியிருக்கிறார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, மணமாகாத மற்றப் பெண்களுடன் அதே வளவிலோ பக்கத்து நிலத்திலோ இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு பெற்றோர் நகர்ந்துவிடுவதும், அடுத்த மகளின் முறை வந்ததும் மீண்டும் நகர்வதும் இம்மரபில் சாதாரணமாய் நடைபெறுபவை.

இந்த ஏற்பாடு பெண்ணுக்கு அளிக்கும் பாதுகாப்பு மிகப் பெரிது. சொந்த வீட்டில், தாயின் அருகில், கணவன் வீட்டாரின் அதிகாரத்துக்கு உட்படாமல் வாழும் பாக்கியம் தென்னாசியாவில் எத்தனை பெண்களுக்கு வாய்த்திருக்கிறது? ஆனால் இதே ஏற்பாடு தம்பதிகளிடமிருந்து ஏகாந்தத்தை எடுத்துக்கொள்கிறது என்பதை நாம் பேசுவதில்லை. மாமாவும் மாமியும் மைத்துனிமாரும் நிறைந்த வீட்டில் ஓர் அறையைப் பெற்று, குரலைத் தணித்துப் பேசப் பழகி, சின்னஞ்சிறு பிணக்கைக்கூட மற்றவர் காதில் விழாமல் தீர்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்ட அந்த இளந்தம்பதிகள், தமக்கென்று வீடு முழுவதும் கிடைக்கும் காலத்தில் தம் மகளுக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கிவிடுகிறார்கள். மருமகன் வந்து சேர்ந்த பின், தாம் கட்டிய வீட்டிலேயே அவர்கள் மறுபடியும் குரல் தணித்துப் பேசுகிறார்கள்.

இடையில் வளைகுடா நாடுகள் விழுங்கிய வருஷங்கள் வேறு. கட்டாருக்கோ சவூதிக்கோ போய், சில வாரங்களே ஊரில் நிற்கக்கூடிய லீவுகளில் தகப்பனாக மட்டும் வந்து திரும்பிய மனிதர், மகளின் வீட்டுக்கு ஓடு போட்டு முடித்த பின்பு ஊரோடு வந்து சேரும்போது, பிள்ளைகளின் உம்மாவோடு எதைப் பேசுவது என்று தெரியாமல் திகைத்து நிற்பதில் ஆச்சரியம் என்ன? அதற்கும் மேலாக, 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கும் அதிகமானோரைக் கொண்டுபோயிற்று. கடலோரத்தில் பெண்மக்களுக்கென்று எழுப்பியிருந்த வீடுகள் போயின. கடற்கரைக்கு மிக அருகே மீண்டும் கட்டக் கூடாது என்ற விதியும் வந்ததால், இளமையில் ஒரு முறை முடித்த கடமையை நடுவயதில் மறுபடியும் தொடங்கியவர்கள் அநேகர்.

"நாங்கள் பிரயாணமே போவதில்லையா?" என்று கேட்கலாம். போகிறோம். பள்ளிக்கூட விடுமுறையில் வேன் பிடித்து, சட்டி பானை, பாய் தலையணை சகிதம் நுவரெலியாவுக்குப் போகிறோம். அங்கேயும் உம்மா சமைக்கிறார், வாப்பா கணக்குப் பார்க்கிறார். வசதி கூடியதும் உம்றாவுக்குப் போகிறோம். அது இபாதத், அதற்கு ஈடு கிடையாது. ஆயினும் செலவு குறைந்த உம்றாப் பிரயாணங்களில் ஆண்கள் ஓர் அறையிலும் பெண்கள் ஓர் அறையிலுமாகத் தங்குவதும் உண்டு; தம்பதிகளின் சம்பாஷணைக்கென்று ஏற்பட்ட பிரயாணமும் அன்று அது.

இத்தகைய உல்லாசம் மார்க்கப் பற்றுள்ளவர்களுக்குத் தகாது என்று எண்ணுவோர், ஹதீஸ் கிரந்தங்களில் ஆயிஷா (ரலி) அவர்களே அறிவிக்கும் ஒரு சம்பவத்தை ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. பிரயாணமொன்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உடன் வந்தவர்களை முன்னே போகும்படி சொல்லிவிட்டு, மனைவியாரோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள், மனைவியார் முந்திக்கொண்டார். காலம் கடந்து, அவர் சற்று உடல் பருத்திருந்தபோது, வேறொரு பிரயாணத்தில் மீண்டும் ஓடினார்கள். இம்முறை நாயகமவர்கள் முந்தி, முன்னைய தோல்விக்கு இது ஈடு என்று சொல்லிச் சிரித்தார்கள். அப்போது அவர்கள் 50 வயதைக் கடந்தவர்கள். ஒரு சமூகத்தின் பாரம் முழுவதையும் தாங்கியிருந்தவர்கள். கூட்டத்தை முன்னே அனுப்பிவிட்டுத் தனித்திருப்பதற்கு அவர்களுக்கே அவகாசம் இருந்ததென்றால், கடையையும் வயலையும் காரணம் காட்டும் நமக்கு இல்லாமற் போவது எப்படி?

உளவியலாரும் இதே திசையில்தான் கை காட்டுகிறார்கள். ஆர்தர் ஆரன் என்பவரும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தம்பதிகளின் கையையும் காலையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டு, ஒரு தலையணையைக் கைகளால் தொடாமல் தடைகளைத் தாண்டிச் சுமந்து போகும்படி பணித்தார்கள். அந்தப் புதுமையான வேலையைச் சேர்ந்து செய்தவர்கள், சலிப்பான வேலை கொடுக்கப்பட்டவர்களைக் காட்டிலும் தம் உறவில் அதிகத் திருப்தி தெரிவித்தார்கள். பழகிய முகத்தைப் பழகாத இடத்தில் காண்பதுதான் பிரயாணத்தின் விசேஷம். வீட்டில் "பிள்ளைகளின் வாப்பா"வாக மட்டும் இருப்பவர், அறியாத ஊரில் வழி தவறி விழிக்கும்போது, மனைவிக்கு மறுபடியும் ஒரு தனி மனிதராகத் தென்படுகிறார்.

இதற்காக வெகு தூரம் போக வேண்டியதில்லை. கடலைக் கண்டால் இன்னமும் நெஞ்சு பதறுகிறவர்கள் மேற்கே இங்கினியாகலைக்குப் போகலாம். பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கல்லோயாத் திட்டத்தில் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் அங்கே மலைகளுக்கிடையே விரிந்து கிடக்கிறது. படகில் போனால், நீரிலுள்ள தீவுகளுக்கு யானைகள் நீந்திச் செல்வதையும் சில வேளைகளில் காணலாம். சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் வயல்களுக்குப் பாயும் தண்ணீர் அங்கிருந்து வருவதே. ஆயுள் முழுவதும் அந்த நீரில் விளைந்த சோற்றை உண்டவர்களில் எத்தனை தம்பதிகள் அதைச் சேர்ந்து நின்று பார்த்திருக்கிறார்கள்?

தெற்கே, கல்முனையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றரில் பொத்துவில் இருக்கிறது. அதை அடுத்த அறுகம் குடா, மே முதல் செப்டெம்பர் வரை அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டாரால் நிறைந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் நம்மவர் கூச்சப்படுவது இயல்பே. அவர்கள் பொத்துவில் களப்பில் மீனவர் தோணியேறிக் கண்ணாக்காடுகளைச் சுற்றி வரலாம். மொனராகலை வீதியில் லகுகலைக் குளத்துக்குப் போய், புல் மேய வரும் யானைகளைப் பார்த்திருக்கலாம். பள்ளிவாசலும் ஹலாலான சாப்பாடும் பொத்துவிலில் பக்கத்திலேயே உண்டு.

ஒரு நிபந்தனை மாத்திரம் அவசியம். அந்த இரண்டு நாளில் வீட்டுக்கு ஒரு வேளை மட்டுமே தொலைபேசியில் பேச வேண்டும். சீதனக் கணக்கும் நோய்க் கணக்கும் பேசவே கூடாது.

இனி, மணமாகிச் சீதனவீட்டில் வாழும் பெண்மக்களுக்கும் அவர்களுடைய கணவன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். பெருநாளைக்கு உம்மாவுக்குச் சேலையும் வாப்பாவுக்குச் சாரமும் வாங்குகிறீர்கள். அலுமாரியில் அவை ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. அடுத்த பெருநாளில் அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, அவர்கள் இருவருக்கும் இரண்டு நாளைக்கு ஓர் அறையைப் பதிவு செய்து கொடுங்கள். நீங்களும் கூடப் போகாதீர்கள்.

(தொடரும்)