கோபுரம் எழுந்தால் மட்டும் போதுமா? கிராமத்துத் தொலைபேசியும் நாங்களும்

தொலைபேசி வசதி படைத்தவர்களின் சாமான் என்று இருந்த காலம் போய்விட்டது. இன்று மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகளின் குரலும், பிள்ளையின் பாடக் குறிப்பும், அஸ்வெசும பற்றிய அறிவித்தலும், காணாமல்போன கணவர் பற்றிய விசாரணைக்கான அழைப்பும், வெள்ள எச்சரிக்கையும் கைத்தொலைபேசி வழியாகவே வந்து சேருகின்றன. ஆகவே 'சிக்னல் இல்லை' என்பதை ஒரு சின்னக் குறையாக நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

நான் திருகோணமலை லிங்கநகரில் வசிக்கிறேன். பட்டணத்தை அண்டிய இடமாகையால் எங்களுக்குத் தொடர்பு கிடைக்கிறது. ஆனால் எங்கள் மாதர் சங்கத்தில் வெருகல், மூதூர், குச்சவெளிப் பக்கம் உறவுகள் உள்ள பெண்கள் பலர் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களுடைய பேச்சு அங்கேதான் போய் நிற்கும். "அம்மாவோடு கதைக்க வேணுமெண்டால் அவ வளவைத் தாண்டி றோட்டுக்கு வரவேணும் அக்கா. இரவில வருத்தம் எண்டால் என்ன செய்யிறது?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அவளுடைய கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

வந்த வழி

இலங்கையில் தொலைபேசி முன்னர் அரசாங்கத் திணைக்களத்தின் கையில் இருந்தது. ஓர் இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1989இல் கைத்தொலைபேசிச் சேவை ஆரம்பமானது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் பின் திணைக்களம் கூட்டுத்தாபனமாகியது. 1996இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உருவாக்கப்பட்டது. 1997இல் ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்தின் 35 வீதப் பங்கு ஜப்பானிய நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது.

இவையெல்லாம் கொழும்பில் நடந்துகொண்டிருந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தோம். பிரிந்த குடும்பங்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதமே தொலைபேசியாக இருந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்த பின்னரே வடக்கு கிழக்கில் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் பரவலாக எழத் தொடங்கின. அதுவரை 'கொமினிகேசன்' கடையில் வரிசையில் நின்று, நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு கட்டி, அடுத்தவர் கேட்கக் கேட்க அழுத பெண்கள் எத்தனை பேர்!

கிராமத்துக்கென்று எடுத்த பணம்

தொலைபேசி நிறுவனம் இலாபம் பார்க்கும் நிறுவனம். நூறு குடும்பங்கள் சிதறி வாழும் ஊரில் ஒரு கோபுரம் அமைத்தால் செலவு கூட, வருமானம் குறைவு. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் பற்றரியும் டீசல் இயந்திரமும் வேண்டும். அந்தக் கோபுரத்தைப் பட்டணத்தோடு இணைக்கக் கேபிளோ நுண்ணலைத் தொடர்போ வேண்டும். காடும் மலையும் குறுக்கே நின்றால் இன்னொரு கோபுரமும் வேண்டும். தனியே சந்தையிடம் விட்டால் அந்த ஊருக்கு முறை வராது. அரசாங்கம் கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

இதற்கு ஒரு வழி எங்கள் நாட்டிலேயே செய்யப்பட்டது. 2003இல் வெளிநாட்டு அழைப்புச் சந்தை திறந்துவிடப்பட்டபோது, வெளியிலிருந்து வரும் அழைப்புகளில் ஒரு கட்டணம் அறவிடப்பட்டது. கிராமங்களில் இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பது ஏற்பாடு. வயர் இழுக்காமல் அன்ரனாவோடு வீடுகளுக்கு வந்த சி.டி.எம்.ஏ. தொலைபேசிகள் பலருக்கு நினைவிருக்கும். யோசித்துப் பாருங்கள்: வெளிநாட்டு அழைப்புகளில் பெரும் பங்கு, வீட்டை விட்டுப் போய் உழைப்பவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் எடுத்தவை. எங்கள் கண்ணீரிலிருந்தும் அந்த நிதிக்கு ஒரு பங்கு போயிருக்கிறது. எனவே அதைப் பற்றிக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

இந்தியாவிலும் 2002 முதல் இப்படி ஒரு நிதி உண்டு. தொலைபேசி நிறுவனங்களின் வருமானத்தில் 5 வீதம் அதற்குப் போகிறது. ஆயினும் பணம் சேர்ந்த வேகத்தில் செலவாகவில்லை என்ற குறை அங்கேயும் நீண்ட காலம் இருந்தது. நிதி இருப்பது ஒன்று, அது உரிய ஊருக்குப் போய்ச் சேருவது இன்னொன்று.

2021இல் ஆணைக்குழு 'கிராமத்துக்குத் தொடர்பாடல்' என்ற திட்டத்தை இரத்தினபுரியிலிருந்து தொடங்கியது. ஒரே கோபுரத்தைப் பல நிறுவனங்கள் பகிர்வதும், கோபுரச் செலவில் ஒரு பங்கை நிதியிலிருந்து கொடுப்பதும் அதன் வழிமுறை. நல்ல யோசனை. ஆனால் 2022இல் நெருக்கடி வந்தது. டொலர் இல்லை, டீசல் இல்லை. மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பல இடங்களில் கோபுரங்களும் விளக்கோடு சேர்ந்து அணைந்தன. அந்த ஆண்டு செப்டெம்பரில் தொலைபேசிக் கட்டணம் 20 வீதம் கூடியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாகியது. ரீலோட் போடும் ஒவ்வொரு நூறு ரூபாவிலும் இந்தச் சுமை இருக்கிறது.

2025 ஜூலையில் செய்மதி வழி இணையமான ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது. கோபுரமே எட்டாத இடத்துக்கு அது எட்டும். ஆனால் மாதக் கட்டணமே பல ஆயிரம் என்றால், கச்சான் வறுத்து விற்கும் தாய்க்கு அது வானத்து நட்சத்திரம்தான். பாடசாலை, வைத்தியசாலை, பிரதேச செயலகம் போன்ற பொது இடங்களில் அதை வைத்தால் பயனிருக்கும்.

உயிரோடு தொடர்புள்ள விடயம்

கொரோனா காலத்தில் பாடங்கள் இணையத்துக்குப் போயின. 2021இல் ஊவாவின் பொஹிட்டியாவ என்ற சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி ஆசிரியையுடன் கற்பாறை உச்சிக்கு ஏறிய செய்தி வெளிநாடுகள் வரை போனது. இந்தக் குறைக்கு இனமும் மொழியும் இல்லை என்பதற்கு அது சாட்சி.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மாவிலாறு அணைக்கட்டு உடைந்து மூதூர், வெருகல் பக்கத்து மக்கள் அவசரமாக வெளியேற வேண்டியிருந்தது. நாட்டின் பல பாகங்களில் மின்சாரமும் கேபிளும் அறுந்து தொலைபேசி செயலிழந்தது. எச்சரிக்கை தேவைப்பட்ட நேரத்திலேயே அதைக் கொண்டுவரும் வழி அடைபட்டது. 2004 ஆழிப்பேரலையில் எச்சரிக்கை இல்லாமலே உறவுகளைக் கொடுத்த எங்களுக்கு இதன் பொருளை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆகவே கோபுரத்தை எண்ணினால் மட்டும் போதாது. மின்சாரம் நின்ற பின் அது எத்தனை மணித்தியாலம் இயங்கும் என்றும் கேட்க வேண்டும்.

பெண்ணின் கையில்

கோபுரம் வந்தாலும் தொலைபேசி பெண்ணின் கையில் இருக்கிறதா? பல வீடுகளில் அது மகனுடையது அல்லது தம்பியுடையது. அரச அலுவலகத்துக்குக் கொடுத்த இலக்கம் வேறொருவருடையது என்றால், எங்களுக்கு வரவேண்டிய தகவல் அவரிடமே நின்றுவிடும். குறுஞ்செய்தி தமிழில் வராவிட்டால் கையில் இருந்தும் பயனில்லை.

பங்களாதேஷில் 1997 முதல் ஏழைப் பெண்கள் கிராமீன் வங்கியில் கடன் பெற்று ஒரு கைத்தொலைபேசி வாங்கி, ஊராருக்கு அழைப்பு விற்றுப் பிழைத்தார்கள். தொலைபேசி மலிந்து எல்லோர் கைக்கும் வந்தபோது அந்தத் தொழில் மங்கியது. என்றாலும் ஊரில் தொலைபேசியை இயக்குபவள் ஒரு பெண்ணாக இருந்தால் மற்றப் பெண்கள் தயக்கமின்றி வருவார்கள் என்பதை அது காட்டியது.

நாம் செய்யக்கூடியவை

உங்கள் ஊரில் எந்த இடங்களில், எந்த நேரங்களில் தொடர்பு இல்லை என்று மாதர் சங்கமாக ஒரு பட்டியல் எழுதுங்கள். அதைக் கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலகத்துக்கும், பிரதி ஒன்றை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். தனி ஒருத்தியின் முறைப்பாட்டை விட ஐம்பது கையொப்பத்துக்குப் பெறுமதி அதிகம்.

சிம் அட்டையை உங்கள் சொந்த அடையாள அட்டையில் எடுங்கள். வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். 'பரிசு விழுந்திருக்கிறது' என்று வரும் அழைப்பை உடனே வையுங்கள். அரச தகவல்களுக்கு 1919, அனர்த்த உதவிக்கு 117, பெண்களுக்கு எதிரான வன்முறைக்கு 1938 ஆகிய இலக்கங்களைச் சுவரில் எழுதி வையுங்கள். வாசிக்கத் தெரியாத அயலவருக்கு அவற்றை அழுத்திப் பழக்குங்கள்.

தொடர்பு அறுந்தால் என்ன நடக்கும் என்பது போரைக் கண்ட பெண்களுக்குத் தெரியும். அந்த அனுபவத்தோடு கேட்போம். கோபுரம் எங்கே நாட்டுவது என்று தீர்மானிக்கும் மேசையில் எங்கள் பட்டியலும் இருக்கட்டும்.