பிள்ளைகள் சொல்வதை நாம் கேட்கின்றோமா?

"சொல்வழி கேள்" என்று எமது வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கின்றோம் என்று எண்ணிப் பார்த்தால் எமக்கே வெட்கமாக இருக்கும். காலையில் சப்பாத்துப் போடத் தொடங்கும் இந்தப் பாட்டு, இரவு விளக்கை அணைக்கும் வரை ஓய்வதில்லை.

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்குப் பொருள்கள் பல. காதால் கேட்பதும் கேட்டல்தான், வினவுவதும் கேட்டல்தான், சொன்னபடி நடப்பதும் கேட்டல்தான். உறவினரைக் 'கேளிர்' என்று சொன்ன காலமும் இருந்தது. திருக்குறளின் 42ஆவது அதிகாரத்தின் பெயர் 'கேள்வி'. அது வினாவைப் பற்றியதல்ல, அறிந்தோர் சொல்வதைச் செவிமடுத்து அறிவதைப் பற்றியது. இத்தனை பொருள்களில் எமது பிள்ளைகளுக்கு நாம் கொடுத்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: கீழ்ப்படி.

ஒரு சம்பவத்தைச் சொல்கின்றோம். ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில், எமக்கு நெருங்கிய ஒரு வீட்டில் நடந்தது. அந்தத் தாயினதும் மகளினதும் சம்மதத்துடனேயே எழுதுகின்றோம்.

அந்தத் தாய்க்குப் பல மாதங்களாகத் தலையிடி. குடும்ப வைத்தியர் தமிழர், அவரிடம் கதைப்பதில் சிரமமில்லை. ஆனால் அவர் அனுப்பி வைத்த நிபுணர் தமிழர் அல்லர். தகப்பனுக்கு அன்று வேலை. ஆகவே 11 வயது மகளை அரைநாள் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் மறித்து, கூடவே கூட்டிக்கொண்டு போனார். வைத்தியர் கேட்பதைப் பிள்ளை தமிழில் சொன்னாள். தாய் சொல்வதை ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. இரவில் நித்திரை வருகிறதா என்று வைத்தியர் கேட்கும் வரை.

"எங்கை நித்திரை? கண்ணை மூடினால் தம்பிதான் வந்து நிக்கிறான்" என்று தாய் தன்னை மறந்து சொல்லிவிட்டார்.

பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு வைத்தியர் பக்கம் திரும்பி, அம்மாவுக்குக் களைப்பு அதிகம் என்று சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாளாம்: "அம்மா, ஆர் அந்தத் தம்பி? எங்கடை வீட்டிலை தம்பி இல்லையே."

"பேசாமல் வா பிள்ளை. அது பெரியாக்களின்ரை கதை."

அந்தத் தம்பி, தாயின் உடன்பிறந்த கடைசித் தம்பி. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இழக்கப்பட்டவன். அவனுடைய படம் ஒன்று அலுமாரியில் சேலைகளுக்கு இடையில் இருக்கிறது. பிள்ளைக்கு அது தெரியாது.

சில வாரங்கள் சென்று, பிள்ளை வகுப்பில் நித்திரை தூங்குகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் இருந்து தொலைபேசி வந்தது. விசாரித்தபோதுதான் விடயம் வெளிவந்தது. அம்மா நித்திரையா இல்லையா என்று பார்ப்பதற்காக அவள் ஒவ்வோர் இரவும் எழும்பி, அறைவாசலில் வந்து நின்றிருக்கிறாள். அதை அவள் முதலில் சொன்னது வகுப்பு ஆசிரியைக்கு, தாய்க்கு அல்ல.

இந்தப் பிள்ளைக்குப் பிறர் மனதை உணரத் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? அவள் வயதுக்கு மிஞ்சியே அது அவளிடம் இருக்கிறது. தாய் சொன்னதைப் பாதியில் நிறுத்தி 'களைப்பு' என்று மாற்றியது மொழி தெரியாததால் அல்ல. அந்த வசனத்தைத் தன் வாயால் சொல்ல அவளால் இயலவில்லை. அவளுக்கு இல்லாதிருந்தது, அவளைக் கேட்க ஒருவர்.

தாயைக் குறை சொல்ல நாம் எழுதவில்லை. எம்மில் எத்தனை பேர் வங்கிக்கும், வைத்தியரிடமும், வீட்டுச் சொந்தக்காரரிடமும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள்! நோர்வேயில் 2022 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், அரச சேவைகளில் பிள்ளைகளை உரைபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. உயிராபத்து போன்ற அவசரங்களுக்கே பெரும்பாலும் விலக்கு. இங்கும் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில், தொலைபேசி வழியாகவாவது தமிழ் உரைபெயர்ப்பாளரைப் பெறலாம். நேரம் குறிக்கும்போதே கேட்க வேண்டும். நாம் கேட்பதில்லை. "பிள்ளை இருக்கிறாள்தானே" என்று விட்டுவிடுகின்றோம்.

அப்படியானால் பாரத்தை ஏற்றாமல் இந்தக் குணத்தைப் பிள்ளைகளிடம் வளர்க்க வழி உண்டா? எமது நகரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மேரி கோர்டன் என்ற பாலர் வகுப்பு ஆசிரியை, 1981இல் ரொறன்ரோப் பாடசாலைகளில் பெற்றோரும் சிறு பிள்ளைகளும் வந்து கூடும் நிலையங்களைத் தொடங்கியவர். 1996இல் அவர் ஆரம்பித்த இன்னொரு திட்டத்தின் பெயர் 'றூட்ஸ் ஒவ் எம்பதி'. அதில் ஆசிரியர் ஒரு கைக்குழந்தை!

பள்ளி வருடத் தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தை ஒன்றைத் தாயோ தகப்பனோ வகுப்புக்குக் கொண்டு வருகிறார். பிள்ளைகள் ஒரு பச்சைக் கம்பளியைச் சுற்றி நிலத்தில் அமர்கிறார்கள். நடுவில் குழந்தை. வருடத்தில் 9 தடவை இப்படி வருகிறது. ஒவ்வொரு வரவுக்கும் முன்னும் பின்னும் பயிற்றுநர் தனியே வந்து கதைக்கிறார், ஆக மொத்தம் 27 வகுப்புகள். குழந்தைக்குப் பேச வராது. ஆகவே பார்க்க வேண்டும். கையை ஏன் இறுக்கிப் பிடித்திருக்கிறது? ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டது? பசியா, பயமா, வெளிச்சம் கூடிவிட்டதா? குழந்தை அழுதால் "அழாதே" என்று வாயை மூடுவதில்லை. என்ன சொல்ல வருகிறது என்று தேடுகிறார்கள். அதில் இருந்து மெல்ல, "உனக்கும் இப்படி இருந்ததுண்டா?" என்ற பேச்சுக்கு வருகிறார்கள்.

இந்த வகுப்புகளுக்குப் பின் பிள்ளைகளிடையே முரட்டுத்தனம் குறைந்ததாகப் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். வட அயர்லாந்தில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வோ, முடிந்த கையோடு சிறு முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் வருடங்கள் செல்ல அது நிலைத்ததாகத் தெரியவில்லை என்றது. எமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. குழந்தை வந்த 9 நாட்களில் படித்ததை மற்ற நாட்களில் வீடுதானே காப்பாற்ற வேண்டும்?

வீட்டில் நடப்பது என்ன? "இண்டைக்கு என்னோடை ஒருத்தரும் விளையாடேல்லை" என்று பிள்ளை வந்து சொல்கிறது. எமது பதில் தயாராக இருக்கும். "இதென்ன பெரிய விசயமே? நாங்கள் ஜாம் போத்தல் விளக்கிலை படிச்சனாங்கள். பங்கருக்குள்ளை இருந்தனாங்கள்." சொல்வது உண்மைதான். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெய் தட்டுப்பட்டு, போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டுப் படித்தோம். ஆனால் அந்தக் கதையை நாம் சொல்வது பிள்ளை எம்மை அறிந்துகொள்வதற்காக அல்ல, அதன் வாயை அடைப்பதற்காக. எமது துன்பத்தைத் தராசில் படிக்கல்லாக வைத்தால் பிள்ளையின் எந்தத் துன்பமும் அதற்கு ஈடாகாது. இரண்டு தடவை நிறுத்துப் பார்த்த பிள்ளை மூன்றாம் தடவை கொண்டு வராது.

இன்னொரு தடையும் உண்டு. எமது பிள்ளைகளுக்கு இடியப்பம், சம்பல் என்று சாப்பாட்டுத் தமிழ் தெரியும், மனத்தமிழ் தெரியாது. அந்தரம், ஏக்கம், மனத்தாங்கல், வெப்பிசாரம் — இவற்றை நாம் அவர்கள் முன்னால் சொன்னால்தானே தெரியும்? "எனக்கு இண்டைக்கு ஒரே அந்தரமாய்க் கிடக்கு" என்று தாய் வாய்விட்டுச் சொல்லும் வீட்டில், பிள்ளையும் ஒரு நாள் அதே சொல்லோடு வரும். ஆங்கிலத்தில் சொன்னாலும் பரவாயில்லை, முதலில் சொல்லட்டும். தமிழைத் திருத்த வேறு நேரம் உண்டு.

கேட்பதற்கு எமக்கு யாரும் வெளியில் இருந்து பாடம் சொல்லித்தரத் தேவையில்லை என்றே நினைக்கின்றோம். அம்மம்மா கதை சொல்லும்போது 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். நித்திரையோ என்று தட்டிப் பார்ப்பா. அதே அம்மம்மா, பேரப்பிள்ளை கதை அளக்கும்போது தானும் 'உம்' கொட்டுவா. அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாலும் 'உம்' சரியான இடத்தில் விழும். நாமும் இப்போது 'உம்' கொட்டுகின்றோம்தான், கண் கைத்தொலைபேசியில் இருக்கிறது. பிள்ளைக்கு அந்த வித்தியாசம் ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது.

அந்த வீட்டுக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய் அலுமாரியைத் திறந்து படத்தை எடுத்து மகளிடம் கொடுத்தார். எல்லாவற்றையும் சொல்லவில்லை. ஷெல் விழுந்த நாளை 11 வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பக்கத்து வளவு மாங்காய்க்குக் கல்லெறிந்து அடி வாங்கியதையும், ஒடியல் கூழ் என்றால் மூன்று தரம் வாங்கிக் குடிப்பதையும், அக்காவின் சைக்கிளைக் களவாய் எடுத்துக்கொண்டு ஓடியதையும் சொன்னார். சண்டையில் போய்விட்டான், அவனை நினைத்தால் நித்திரை வருவதில்லை, அதற்கு நீ காவல் இருக்கத் தேவையில்லை என்றும் சொன்னார். பிறகு, "நீ என்ன நினைச்சுக்கொண்டு வாசல்லை நிண்டனீ?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்ததுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது என்று எம்மிடம் சொன்னார்.

மகள் நெடுநேரம் அழுதாள். பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே, "உங்கடை தம்பி எண்டால் எனக்கு மாமா, என்ன?" என்றாள்.

படம் இப்போது வரவேற்பறையில், அவளுடைய பள்ளிக்கூடப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாய்க்கு இன்னமும் சில இரவுகள் நித்திரை இல்லை. நிபுணரிடம் அடுத்த தடவை போவதற்கு உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு நேரம் எடுத்திருக்கிறார். மகள் அன்று பள்ளிக்கூடம் போகிறாள், அவளுக்கு நீச்சல் வகுப்பு இருக்கிறதாம்.