மீனுக்கு மூச்சு முட்டுது... சீக்கிரம் க்ளிக் பண்ணுங்க சார்!

திங்கட்கிழமை காலையில் உங்கள் ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். டிபன் பாக்ஸை மேஜையில் வைப்பதற்கு முன்னாலேயே செல்போனை நீட்டுவார். ''ஞாயித்துக்கிழமை முட்டுக்காட்டுல புடிச்சேன் சார்... கொடுவா! நாலு கிலோ!''

எட்டிப் பார்த்தால் ஒரு தொப்பி தெரியும். தொப்பிக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று நிழல். பக்கத்தில் வெள்ளையாக ஏதோ பளபளக்கும். அது கொடுவாயா, எவர்சில்வர் தாம்பாளமா என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது!

தூண்டில் கோஷ்டி ஒன்றோடு பத்து வருஷமாகச் சுற்றுகிறேன். எனக்குத் தூண்டிலைவிடக் கேமராதான் ராசி. அவர்கள் பிடிப்பார்கள், நான் எடுப்பேன். அந்த உரிமையில் நாலு வார்த்தை.

நிழல் விவகாரம் சுலபம். காலை எட்டு மணிக்குள், இல்லாவிட்டால் சாயங்காலம் நாலரைக்கு மேல். வெயில் படம் எடுக்கிறவர் முதுகில் விழட்டும். மீன் உச்சி வெயிலில்தான் கடிச்சுது என்றால் தொப்பியைக் கழற்றச் சொல்லுங்கள். (வழுக்கை ஆசாமி என்றால் பின்னால் தள்ளிக்கொண்டாலே போதும். மானம் முக்கியம்!) மீனின் பளபளப்புக்குக் காரணம் அதன் தோலில் இருக்கிற குவானின் என்ற பொருளின் படிகங்கள். ஒவ்வொன்றும் குட்டிக் கண்ணாடி மாதிரி. நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் தாம்பாளம்தான் கிடைக்கும். மீனை லேசாகச் சாய்த்துப் பிடித்தால் செதில் செதிலாகத் தெரியும்.

அடுத்தது, கையை நீட்டுகிற வித்தை. கேமரா நாலடி தூரத்தில் இருக்க, கையை இரண்டடி முன்னால் நீட்டினால் மீன் இரண்டு மடங்காகத் தெரியும். வாஸ்தவம்தான். ஆனால் மீனைப் பிடித்திருக்கும் விரலும் நேந்திரம்பழம் சைஸுக்கு வந்துவிடுமே! பார்க்கிறவன் முதலில் பார்ப்பது அந்த விரலைத்தான். முழங்கையை மடக்கி, மீனை மார்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே கௌரவம்.

இதெல்லாம் நம் கௌரவப் பிரச்னை. மீனின் பிரச்னை வேறு.

எங்கள் கோஷ்டியில் என் மச்சினனும் உண்டு. பிடித்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிற கட்சி. செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரியில் ஒரு தடவை அவனுக்கு அருமையான கட்லா கிடைத்தது. நான் அப்போது எதிர்க்கரையில் இருந்தேன். அவனுடைய சிநேகிதன்தான் படம் எடுத்தான். ''இருடா, கூலிங் கிளாஸ் போட்டுக்கறேன்...'' ''இன்னொரு ஆங்கிள்டா...'' ''வீடியோ எடுத்தியா?'' என்று குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் வேறு குரல். ''அத்தான்... நீந்த மாட்டேங்குது அத்தான்!''

நான் சுற்றிக்கொண்டு ஓடிப் போனபோது முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான். கையை எடுத்தால் மல்லாந்தது. ராத்திரி வீட்டில் குழம்பு மணந்தது. அவன் மட்டும் ரசம் சாதம் கேட்டான்.

கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரண்டு பேர் 1992-ல் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார்கள். நம் நீலகிரியில் கொண்டுவந்து விட்ட அதே ரெயின்போ டிரவுட் மீன்களை விரட்டி விரட்டிக் களைக்க வைத்தார்கள். தூண்டிலில் போராடிய மீன் மாதிரி! தண்ணீருக்கு வெளியே எடுக்காமல் விட்டவற்றில் 100-க்கு 12 செத்தன. 30 விநாடி வெளியே வைத்தால் 38. ஒரு நிமிஷம் வைத்தால் 72! அதுவும் உடனே அல்ல, 12 மணி நேரத்துக்குள். 'ஜம்முனு நீந்திப் போச்சு சார்' என்று நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம், அது அங்கே ராத்திரி செத்துக்கொண்டிருக்கும்.

எல்லா மீனுக்கும் இதே கணக்கு என்று சொல்ல மாட்டேன். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற ஜாதி, தாக்குப்பிடிக்கும். கட்லாவுக்கும் கொடுவாய்க்கும் அந்த வசதி கிடையாது.

அதனால் எங்கள் கோஷ்டியில் இப்போது ஒரு சட்டம். பத்து விநாடி! மீன் தண்ணீரிலேயே இருக்கும்போது சகல ஏற்பாடும் முடிந்துவிட வேண்டும். மண்புழு தொட்ட விரலால் லென்ஸைத் தடவியிருப்பீர்கள், அதைக் கர்ச்சீப்பால் துடையுங்கள். பின்னணியில் பாலிதீன் பையோ, லுங்கியை மடித்துக் கட்டிய அண்ணாச்சியோ இருந்தால் நகர்த்துங்கள். பிடித்தவர் கையை நனைத்துக்கொள்ளட்டும். காய்ந்த கை பட்டால் மீன்மேல் இருக்கிற வழவழப்பு உரிந்துபோகும். அதுதான் அதற்குக் கவசம். ஒரு கை வால் தொடங்குகிற இடத்தில், இன்னொரு கை முன் துடுப்புக்குப் பின்னால் வயிற்றடியில். செவுளுக்குள் விரல் கூடவே கூடாது. கொடுவாயின் செவுள் மூடி பிளேடு மாதிரி, கெளுத்தியின் முள் அதைவிட மோசம். பிடித்தவரைத் தண்ணீர் ஓரத்தில் மண்டி போடச் சொல்லுங்கள். நழுவினாலும் பாறையில் விழாது. நீங்களும் குனிந்து, மீன் உயரத்துக்கு இறங்கி, அதன் கண்ணை ஃபோகஸ் செய்து காத்திருங்கள். 'தூக்கு' என்றதும் தூக்க வேண்டும். படபடவென்று ஐந்தாறு படம். தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்த மீன் படத்துக்கு ஈடே கிடையாது. அவ்வளவுதான், திரும்ப உள்ளே!

குழம்புக்கென்றே பிடிக்கிறவர்களும் தாமதிக்க வேண்டாம். உயிர் போனதும் நிறம் மங்க ஆரம்பித்துவிடும். வீட்டு ஸிங்க்கில் எடுத்த படம் மார்க்கெட் படமாகத்தான் இருக்கும்.

படத்தோடு தேதி, இடம், நீளம் மூன்றையும் குறித்து வையுங்கள். காவிரியின் திமில் மாசீர் மீனைத் தூண்டில்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேல் கொண்டாடியிருக்கிறார்கள். 1946-ல் கபினி ஆற்றில் 120 பவுண்டில் ஒன்று கிடைத்தது. ஆனால் அதன் விஞ்ஞானப் பெயர் 'டோர் ரெமாதேவி' என்று முடிவானதே 2018-ல்தான். அழிவின் விளிம்பில் இருக்கிற மீன்களின் பட்டியலில் அது சேர்ந்ததும் அதே வருஷம்! கர்நாடகக் காவிரிக் கரையில் காலிபோர் முகாமின் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த கணக்கைப் பார்த்துத்தான், அது குறைந்துகொண்டே வந்ததையும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மாசீர் பெருகியதையும் கண்டுபிடித்தார்கள்.

நீளம் அளக்க டேப் எடுத்துப்போக மறக்கிறவர்கள் உண்டு. எங்கள் கோஷ்டியில் ஒருத்தர் தூண்டில் கழியிலேயே பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பெயின்டில் கோடு போட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் பிடிக்கிற மீன்களெல்லாம் கொஞ்சம் சின்னதாகிவிட்டன!