சியாட்டில் நகரில் பணிப்பயணக் குறைப்பு: நிறுவனங்களின் கூட்டு முயற்சி

வீட்டிலிருந்து வேலைக்குச் சென்று திரும்பும் அன்றாடப் பயணம் பணிப்பயணம் எனப்படும். ஒருவர் மட்டும் அமர்ந்து ஓட்டிச் செல்லும் கார்களைக் குறைத்து, பேருந்து, ரயில், வேன் பகிர்வு, மிதிவண்டி, நடை ஆகியவற்றின் பக்கம் பணியாளர்களைத் திருப்புவது பணிப்பயணக் குறைப்பு ஆகும். அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில் நகரில் இம்முயற்சி 30 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. மாநிலச் சட்டம், நகராட்சி, போக்குவரத்துத் துறை, உள்ளூர் நிறுவனங்கள் ஆகிய நான்கும் இதில் சேர்ந்து இயங்குகின்றன.

நிறுவனங்களின் பங்கு

ஒரு பணியாளர் எப்படி வேலைக்கு வருகிறார் என்பது அவருடைய சொந்த விருப்பம் போலத் தோன்றும். ஆனால் அலுவலகம் எங்கே அமைகிறது, வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, காரை நிறுத்த இலவச இடம் உண்டா ஆகியவற்றை முடிவு செய்வது நிறுவனமே. இலவச வாகன நிறுத்தம் கொடுத்து, பேருந்துக் கட்டணத்துக்கு எதுவும் கொடுக்காத நிறுவனம், காரில் வருபவருக்கு மட்டும் உதவித்தொகை வழங்குகிறது என்றே கூறலாம்.

எனினும் தனியொரு நிறுவனத்தால் பெரிய மாற்றத்தைக் கொண்டுவர இயலாது. ஒரு அலுவலகத்துக்காக மட்டும் பேருந்துத் தடம் அமைக்கப்படுவதில்லை. ஒரு நிறுவனத்தின் பணியாளர்கள் காரைக் கைவிட்டாலும், அதனால் காலியாகும் சாலையைப் பக்கத்து நிறுவனத்தின் கார்கள் நிரப்பிவிடும். செலவு ஒருவருக்கும் பயன் மற்றவருக்கும் போகும் இந்நிலையில் கூட்டு ஏற்பாடு தேவைப்படுகிறது.

பின்னணி

சியாட்டில் நகரம் மேற்கே பியூசெட் சவுண்ட் கடல்பகுதிக்கும் கிழக்கே வாசிங்டன் ஏரிக்கும் இடையே ஒடுங்கிய நிலப்பரப்பில் அமைந்துள்ளது. நகர மையத்தை ஒட்டிச் செல்லும் ஐ-5 விரைவுச்சாலையை அகலப்படுத்த இடமில்லை. ஏரியைக் கடக்க மிதவைப் பாலங்களையே நம்ப வேண்டியுள்ளது. எனவே வேலைவாய்ப்பு பெருகும்போது அதே அளவில் கார்களும் பெருகினால் நகரம் அதைத் தாங்காது.

வேன் பகிர்வு இந்நாட்டுக்குப் புதியதன்று. 1973-ல் மினசோட்டா மாநிலத்தின் 3எம் நிறுவனம் தன் பணியாளர்கள் கூட்டாக வந்துபோக 6 வேன்களுடன் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சியாட்டில் அமைந்துள்ள கிங் கவுண்டியில் 1979 முதல் போக்குவரத்துத் துறையே வேன்களை வழங்கி வருகிறது. பயணிகளில் ஒருவரே வண்டியை ஓட்டுவார். செலவை அனைவரும் பகிர்ந்துகொள்வர்.

1991-ஆம் ஆண்டுச் சட்டம்

வாசிங்டன் மாநிலச் சட்டமன்றம் 1991-ல் பணிப்பயணக் குறைப்புச் சட்டத்தை இயற்றியது. காற்று மாசு, சாலை நெரிசல், எரிபொருள் பயன்பாடு ஆகிய மூன்றையும் குறைப்பது இதன் நோக்கம். மக்கள்தொகை மிகுந்த கவுண்டிகளில், காலை 6 மணி முதல் 9 மணிக்குள் வேலை தொடங்கும் முழுநேரப் பணியாளர்கள் 100 பேர் அல்லது அதற்கு மேல் ஒரே இடத்தில் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தும். அந்நிறுவனங்கள் ஒவ்வொன்றும் பயண ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். பேருந்து, வேன் பகிர்வு பற்றிய தகவல்களைப் பணியாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் எப்படி வருகிறார்கள் என்று குறித்த காலத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும்.

இலக்கை எட்டத் தவறியதற்காக மட்டும் எந்த நிறுவனமும் தண்டிக்கப்படுவதில்லை. நேர்மையான முயற்சியே எடுக்காத நிறுவனத்துக்குத்தான் அபராதம். இது சட்டத்தின் முக்கியக் கூறு. கடுமையான காற்று மாசுள்ள பகுதிகளின் பெரிய நிறுவனங்கள் பணிப்பயணத்தைக் குறைக்க வேண்டும் என்று 1990-ல் அமெரிக்கக் கூட்டரசும் விதித்திருந்தது. நிறுவனங்களின் எதிர்ப்பால் 1995-ல் அது கட்டாயமற்றதாக மாற்றப்பட்டது. வாசிங்டன் மாநிலச் சட்டமோ 2006-ல் திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது.

கூட்டமைப்பு

சட்டத்தை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு உதவுவது 'கம்யூட் சியாட்டில்' என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு. நகர மைய வணிகர்களின் சங்கம், கிங் கவுண்டி மெட்ரோ போக்குவரத்துத் துறை, சியாட்டில் நகராட்சி ஆகிய மூன்றும் கூட்டாக இதை உருவாக்கின. ஒருங்கிணைப்பாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது, சிறு நிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்குவது, நகர மையம் முழுவதற்குமான பயணக் கணக்கெடுப்பை நடத்துவது ஆகியவை இதன் பணிகள்.

முக்கிய வழிமுறைகள்

கூட்டுப் பயணச்சீட்டு: 2009-ல் அறிமுகமான ஓர்கா அட்டையைக் கொண்டு வட்டாரத்தின் பல பேருந்து, ரயில் சேவைகளில் பயணிக்கலாம். நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ள பணியாளர் அனைவருக்கும் இதை மொத்தமாக வாங்குகிறது. பேருந்தில் வராதவருக்கும் சேர்த்து வாங்குவதால் தலைக்கு ஆகும் சராசரி விலை குறைகிறது. கையில் அட்டை இருப்பதால், எப்போதாவது ஒருநாள் பேருந்தில் போய்ப் பார்க்கவும் பலர் முன்வருகின்றனர். வாசிங்டன் பல்கலைக்கழகம் 1991-லேயே இத்தகைய அட்டையை மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் வழங்கியது. அதோடு வாகன நிறுத்தக் கட்டணத்தையும் உயர்த்தியது.

வாகன நிறுத்தக் கட்டணம்: மாதக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தியவர், செலுத்திய பணம் வீணாகாமல் இருக்க நாள்தோறும் காரிலேயே வருவார். நாள் கணக்கில் கட்டணம் வாங்கினால், ஒவ்வொரு நாளும் கார் தேவையா என்று யோசிப்பார். சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை நாள் கட்டண முறையைப் பின்பற்றியதுடன், காரில் வராத நாள்களுக்கு ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையும் அளித்தது. வாகன நிறுத்தத்தின் செல்வாக்கைத் தெற்குக் கலிபோர்னியாவிலும் காணலாம். அங்கு 8 நிறுவனங்கள், நிறுத்துமிடம் வேண்டாம் என்போருக்கு அதன் மதிப்பைப் பணமாகக் கொடுத்தன. அதன் விளைவை ஆராய்ந்து பேராசிரியர் டொனால்ட் ஷூப் 1997-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தனியாகக் காரில் வந்தோர் எண்ணிக்கை 17 விழுக்காடு குறைந்தது.

அவசரப் பயண உறுதி: பிள்ளைக்கு உடல்நலமில்லை என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் என்ன செய்வது என்ற அச்சமே பலரைக் காரை விடாமல் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட நாளில் வாடகைக் காரில் வீடு திரும்பும் செலவை ஏற்பதாக நிறுவனம் உறுதி தருகிறது. இது பெரும்பாலும் குறைவாகவே பயன்படுத்தப்படுவதால் செலவும் குறைவு.

வரிச் சலுகை: 2020 ஜனவரி முதல், 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், பொதுப் போக்குவரத்துச் செலவை வரிக்கு முந்தைய ஊதியத்தில் பிடித்துக்கொள்ளும் வசதியை அளிக்க வேண்டும் என்று நகராட்சி விதித்தது. 100 பேர் என்ற வரம்புக்குக் கீழே இருந்த நிறுவனங்களும் இதனால் வளையத்துக்குள் வந்தன.

விளைவுகள்

2010-ல் நகர மையத்துக்குக் காலை நெரிசல் நேரத்தில் வந்த பணியாளர்களில் சுமார் 35 விழுக்காட்டினர் தனியாகக் காரில் வந்தனர். 2017-ல் அது சுமார் 25 விழுக்காடாகக் குறைந்தது. அந்த ஆண்டில் ஏறக்குறைய பாதிப்பேர் பொதுப் போக்குவரத்தில் வந்தனர். அந்த 7 ஆண்டுகளில் நகர மையத்தில் சுமார் 60,000 வேலைகள் கூடியிருந்தன.

இதற்கு நிறுவனங்களை மட்டும் காரணமாகக் கூற முடியாது. 2009-ல் இலகு ரயில் ஓடத் தொடங்கி, 2016-ல் பல்கலைக்கழகம் வரை நீட்டிக்கப்பட்டது. 2014 நவம்பரில் நகர வாக்காளர்கள் கூடுதல் வரியை ஏற்று, அதிகப் பேருந்துகள் ஓட வழிசெய்தனர். நிறுவனங்கள் அட்டையை வாங்கித் தந்தாலும், ஏறுவதற்குப் பேருந்து இல்லையெனில் அந்த அட்டையால் பயனில்லை.

குறைபாடுகள்

சட்டம் காலை 6 முதல் 9 வரை வருவோரையே கணக்கில் கொள்கிறது. இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்வோர், உணவகப் பணியாளர்கள், முறைப்பணி செய்யும் செவிலியர் ஆகியோரில் பலர் இக்கணக்கில் வருவதில்லை. அவர்கள் பயணிக்கும் நேரத்தில் பேருந்துகளும் குறைவு. வீட்டு வாடகை உயர்ந்ததால் தொலைவிலுள்ள புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கும் காரைத் தவிர வேறு வழி எளிதில் அமைவதில்லை.

பெரிய நிறுவனங்கள் தனித்துச் செயல்படுவதும் விவாதத்துக்கு உரியது. ஏரியின் கிழக்கே ரெட்மண்ட் நகரிலுள்ள மைக்ரோசாப்ட் நிறுவனம் 2007-ல் தன் பணியாளர்களுக்கென்று சொந்தப் பேருந்துச் சேவையைத் தொடங்கியது. இது சாலையில் கார்களைக் குறைக்கிறது என்றாலும், அதே வழியில் போகும் பிற நிறுவனப் பணியாளர்கள் அதில் ஏற முடியாது.

2020-க்குப் பின்

2020 மார்ச்சில் கொரோனா தொற்றால் நகர மைய அலுவலகங்கள் வெறிச்சோடின. வீட்டிலிருந்து வேலை செய்வதும் சட்டப்படி பணிப்பயணக் குறைப்பாகவே எண்ணப்படுகிறது. ஆனால் அலுவலகத்துக்கு ஆள் வராதபோது பேருந்துகளின் கட்டண வருவாயும் கடைகளின் விற்பனையும் சரிந்தன. வாரத்தில் சில நாள் மட்டும் அலுவலகம் வருவோருக்கு ஏற்றவாறு பயணச்சீட்டு முறைகளை நிறுவனங்கள் மாற்றியமைக்க வேண்டியுள்ளது. மாதக் கட்டணத்தைவிட நாள் கட்டணமே பயணப் பழக்கத்தை மாற்றும் என்ற பழைய பாடம் இவர்களுக்கும் பொருந்துகிறது.